கல்லும் அது கிடைத்த ஊரும்

(நமது சங்கத்தின் கொல்கத்தா கிளையில் நடந்த மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கூட்டங்களில் பொதுவாக ஆன்மிகம், ஆரோக்கியம், இரண்டில் ஒன்றுதான் தலைப்பாக இருக்கும். இந்த முறை செயலாளர், "நீங்கள் ஸயன்ஸ் பட்டதாரி, கொஞ்சம் மாறுதலாக ஏதாவது பேசுங்களேன்" என்றார். நான் படித்தது பி.எஸ்ஸி. ஜியாலஜி. ஜீவனத்துக்குச் செய்தது மத்திய அரசில் கணக்குத் தணிக்கை, முப்பத்து நான்கு வருஷம். கல்லுக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று என் சகாக்கள் கேலி செய்வார்கள். நிறையவே சம்பந்தம் உண்டு. மியூசியங்களில் இருக்கும் கல், எலும்பு, கிளிஞ்சல், பாடம் செய்த பிராணி, அவற்றைப் பார்த்து வரைந்த படங்கள் ஆகியவற்றைப் பற்றியும், அவற்றோடு இருக்க வேண்டிய ஒரு சின்னக் காகிதத்தைப் பற்றியும் இன்று பேசப் போகிறேன்.

நம்மில் பலருடைய அகங்களில் பஞ்சாயதன பூஜை நடந்தது. சில அகங்களில் இன்றும் நடக்கிறது. ஐந்து மூர்த்திகள், ஐந்து கற்கள். விஷ்ணுவுக்கு கண்டகி நதியின் சாளக்கிராமம். சிவனுக்கு நர்மதையின் பாணலிங்கம். பிள்ளையாருக்கு சோன் நதியின் சிவப்புக் கல்லான சோணபத்ரம். அம்பாளுக்கு காளஹஸ்தி வழியாக ஓடும் ஸ்வர்ணமுகியின் கல். சூரியனுக்குத் தஞ்சாவூரை அடுத்த வல்லத்தின் ஸ்படிகம். நேபாளத்தில் தொடங்கி நம் தஞ்சாவூர் ஜில்லா வரை ஒரு சின்னச் சம்புடத்துக்குள் வந்துவிடுகிறது. வல்லத்துக் கல்லைத் தேய்த்து மூக்குக் கண்ணாடி செய்த காலமும் இருந்தது. அது குவார்ட்ஸ் என்ற கனிமம்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். நம் பெரியவர்கள் "ஒரு சிவப்புக் கல், ஒரு கறுப்புக் கல்" என்று சொல்லி விட்டுவிடவில்லை. எந்த நதி, எந்த ஊர் என்பதைக் கல்லோடு சேர்த்தே சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு மியூசியத்தில் முதலில் கேட்கப்படும் கேள்வியும் அதுவே: இது எங்கே கிடைத்தது?

சாளக்கிராமத்தையே எடுத்துக்கொள்வோம். முக்திநாத் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,700 மீட்டர் உயரம். ஆழ்வார்கள் பாடிய திவ்ய தேசம் என்பதால் வைஷ்ணவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அந்த மலையில் கிடைக்கும் கறுப்புக் கல்லுக்குள் இருப்பது ஒரு கடல் பிராணியின் ஓடு. அம்மோனைட் என்று பெயர். கணவாய், ஆக்டபஸ் இவற்றின் தூரத்து உறவு. சுருள் சுருளான ஓட்டுக்குள் வசித்தது. சுமார் 15 கோடி வருஷங்களுக்கு முன்னால் இந்திய நிலப்பகுதிக்கு வடக்கே டெதிஸ் என்ற கடல் இருந்தது. அதன் அடியில் கறுப்புச் சேறு படிந்துகொண்டே வந்தது. செத்த அம்மோனைட்டின் ஓடு அந்தச் சேற்றில் புதைந்து, அதைச் சுற்றிலும் தாதுக்கள் இறுகி, உருண்டைக் கல்லானது. பிறகு இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டியதில் கடலின் அடித்தரை மேலே எழும்பி இமயமலை ஆயிற்று. கண்டகி அந்தப் பாறையை அறுத்துக்கொண்டு வரும்போது உருண்டைகள் விடுபட்டு, ஆற்றில் உருண்டு வழவழப்பாகின்றன. நாம் சக்கரம் என்று சொல்வது அந்த ஓட்டின் சுருளும் அதன் மேல் வரிகளும். அந்தக் கறுப்புப் பாறை அடுக்குக்கு நிலவியல்காரர்கள் வைத்த பெயர் ஸ்பிதி ஷேல். இமாசலப் பிரதேசத்தில் உள்ள ஸ்பிதி பள்ளத்தாக்கின் பெயர் அது. இங்கேயும் ஊர்ப்பெயர்தான்.

இதைச் சொன்னபோது என் தம்பியின் மாட்டுப்பெண், "அப்போ பெரியப்பா, நாம பூஜை பண்றது நத்தை ஓட்டையா?" என்று கேட்டாள். கடல் மலையானதற்கான சாட்சி உள்ளங்கை அளவில் நம் அகத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குத் தினம் தீர்த்தம் விட்டு நமஸ்காரம் பண்ண எனக்கு ஒரு தயக்கமும் இல்லை என்றேன். அவள் ஒப்புக்கொண்டாளா என்று தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு கல்லை ஒரு தடவை கையில் எடுத்து நன்றாகப் பார்த்தாள்.

இப்போது தணிக்கை விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஆபீஸில் நாற்காலி வாங்கினால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றி, நாற்காலியின் முதுகில் நம்பர் எழுத வேண்டும். மியூசியத்திலும் அதே முறை. ஒரு பொருள் வந்ததும் அதன் மேல் சின்னதாக மையில் ஓர் எண். பதிவேட்டில் அதே எண்ணுக்கு எதிரே பொருளின் பெயர், கிடைத்த ஊர், புதைபடிவமானால் எந்தப் பாறை அடுக்கு, தேதி, எடுத்தவர் பெயர். கூடவே ஒரு சீட்டு. பொருள் இருந்து பதிவு இல்லாவிட்டால் அதை உபரி என்போம். பதிவு இருந்து பொருள் இல்லாவிட்டால் பற்றாக்குறை. மியூசியத்தில் மூன்றாவதாக ஒரு நிலை வரும். பொருளும் இருக்கும், பதிவும் இருக்கும், எது எதனுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. பார்வைக்கு எல்லாம் சரியாக இருப்பதால் அதை யாரும் கண்டுபிடிப்பதும் இல்லை.

ஊர்ப்பெயருக்கு எவ்வளவு தூரம் மதிப்பு என்பதற்கு விண்கற்களைச் சொல்லலாம். விண்கல் எந்த ஊரில் விழுந்ததோ அந்த ஊரின் பெயரையே அதற்கு வைப்பது சர்வதேச வழக்கம். 1865 ஆகஸ்ட் 25 அன்று பீகாரில் கயா பக்கத்து ஷெர்காட்டியில் சுமார் 5 கிலோ எடையுள்ள கல் ஒன்று விழுந்தது. நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, அது செவ்வாய் கிரகத்திலிருந்து வந்தது என்று தெரிந்தது. அதே வகையைச் சேர்ந்த இன்னொரு கல்லுக்குள் அடைபட்டிருந்த வாயு, வைகிங் விண்கலம் செவ்வாயில் அளந்த வாயுவோடு ஒத்துப்போனதுதான் முக்கியமான சாட்சி. இன்று உலகில் எந்த மூலையில் அந்த வகைக் கல் அகப்பட்டாலும் அதற்கு ஷெர்காட்டைட் என்றுதான் பெயர். பீகாரில் ஒரு சின்ன ஊர், செவ்வாய் கிரகத்துப் பாறைக்குப் பெயர் கொடுத்திருக்கிறது. விழுந்த அன்று தேதியையும் ஊரையும் எழுதி வைத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஊரைத் தப்பாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. இமயமலையில் எடுத்ததாகச் சொல்லி ஒரு பேராசிரியர் கால் நூற்றாண்டுக் காலம் புதைபடிவங்களைப் பற்றிக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தார். வெளிநாட்டு நிபுணர்கள் பலர் அவரோடு சேர்ந்து கையெழுத்திட்டார்கள். 1989-ல் ஜான் டேலண்ட் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி 'நேச்சர்' பத்திரிகையில் அதை அம்பலப்படுத்தினார். இமயமலை அம்மோனைட்டுகள் என்று காட்டப்பட்டவற்றில் சில, மொராக்கோ நாட்டில் கிடைத்துக் கடைகளில் விற்கப்படும் வகை. கற்கள் அசல்தான், அவற்றின் ஊர்தான் பொய். அந்தக் கட்டுரைகளை நம்பிப் பாறைகளுக்கு வயது சொன்னவர்கள், வரைபடம் போட்டவர்கள் எல்லோரும் தங்கள் வேலையைத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. போலி வவுச்சர் ஒன்று கணக்கில் நுழைந்தால் ஒரு வருஷத்துக் கணக்கு கெடும். இது ஒரு தலைமுறையின் கணக்கைக் கெடுத்தது.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த நகரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இந்த விஷயத்தில் ஒரு பழைய தொடர்பு உண்டு. சௌரங்கியில் இருக்கும் இந்தியன் மியூசியம், வங்காளிகள் ஜாதுகர் என்று செல்லமாகச் சொல்லும் இடம், 1814-ல் ஏஷியாடிக் சொஸைட்டியில் நதேனியல் வாலிக் என்ற டென்மார்க் தாவரவியலாளரின் யோசனைப்படி தொடங்கியது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, அதாவது ஜி.எஸ்.ஐ., 1851-ல் ஆரம்பமானது. அதன் தலைமையகமும் இங்கேதான். அந்தத் துறையில் 1862-ல் வந்து சேர்ந்தார் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. இன்றைய செக் நாட்டின் மொராவியாவைச் சேர்ந்தவர், அப்போது வயது 24. அவரிடம் வந்து சேர்ந்த பெட்டிகளில் இருந்தவை திருச்சிராப்பள்ளி, அரியலூர், ஊட்டத்தூர், விருத்தாசலம், பாண்டிச்சேரிப் பகுதிகளில் எடுத்த கிளிஞ்சல்கள், அம்மோனைட்டுகள்.

எங்கள் பக்கம் ஒரு காலத்தில் கடல் என்பதை நான் காலேஜில் சேர்ந்த பிறகுதான் அறிந்தேன். சுமார் 11 கோடி வருஷங்களுக்கு முன் தொடங்கி, டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி வருஷத்துக் காலம் வரை, கடல் அரியலூர், பெரம்பலூர் வரை உள்ளே வந்து வந்து போயிருக்கிறது. ஊட்டத்தூர் சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் அந்த வட்டாரத்தில் ஓடைக்கரையில் குனிந்து பார்த்தால் போதும். 1840-களில் சென்னை சிவில் சர்வீஸைச் சேர்ந்த கே, கன்லிஃப் என்ற இரண்டு அதிகாரிகள் இவற்றைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் விவரித்தார். ஸ்டோலிச்கா அந்த வேலையை 1863 முதல் 1873 வரை விடாமல் செய்து, 'பேலியண்டாலஜியா இண்டிகா' வரிசையில் பெரிய பெரிய புத்தகங்களாகக் கொண்டு வந்தார். படங்கள் லித்தோ முறையில், அதாவது சுண்ணாம்புக்கல் பலகையில் வரைந்து அச்சிட்டவை. கல்லான கிளிஞ்சலைக் கல்லிலேயே வரைந்திருக்கிறார்கள். ஓட்டின் வரி ஒவ்வொன்றும், உடைந்த இடமும் கூட, அப்படியே தெரியும். 1874 ஜூன் 19 அன்று, யார்க்கண்டுக்குப் போன தூதுக் குழுவோடு திரும்பி வரும் வழியில், லடாக்கில் ஸ்டோலிச்கா இறந்து போனார். வயது 36. லே நகரத்தில் அவருக்கு நினைவுத் தூண் இருக்கிறது. திருச்சி ஜில்லாக்காரர்கள் யாராவது லடாக் டூர் போனால் ஒரு நிமிஷம் அங்கே நிற்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அவர் வேலையின் அருமை இப்போதுதான் அதிகமாகத் தெரிகிறது. அந்தக் கடலடிச் சுண்ணாம்புக்கல்தான் இன்று அரியலூர் பக்கத்தில் சிமெண்ட் ஆகிறது. வீடு கட்ட சிமெண்ட் வேண்டும், அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வெட்டி எடுத்த குவாரியில் மறுபடி போய் அடுக்கைப் பார்க்க முடியாது. எந்த அடுக்கில் எது இருந்தது என்பதற்கு அந்தப் புத்தகமும் கொல்கத்தாப் பெட்டிகளில் உள்ள சீட்டுகளும்தான் ஆதாரம்.

இங்கே இன்னொருவரையும் சொல்ல வேண்டும். மகாராஜபுரம் சீதாராமன் கிருஷ்ணன். 1951-ல் ஜி.எஸ்.ஐ.யின் முதல் இந்திய டைரக்டர் ஆனவர். 1943-ல் வெளிவந்த, இந்தியா, பர்மா நிலவியல் பற்றிய அவருடைய புத்தகத்தைத்தான் நாங்கள் உருப்போட்டோம். பெரம்பலூர் பக்கத்து சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940-ல் அறிவித்தவரும் அவரே. அந்த மரத்தை மியூசியத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் கிடந்த இடத்திலேயே வேலி போட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள். ஊரை விட்டு நகராத பொருளுக்குச் சீட்டே தேவையில்லை!

சீட்டு போனால் என்ன ஆகும் என்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு காலேஜ், பெயர் வேண்டாம். என் மாணவப் பருவத்தில் அங்கே ஜியாலஜி டிபார்ட்மெண்டில் தேக்கு டிராயர்கள் வைத்த ஒரு பீரோ இருந்தது. எங்களுக்கு முந்தைய பேராசிரியர்கள் நாற்பது, ஐம்பது வருஷமாகச் சேர்த்த கற்கள். ஒவ்வொன்றின் கீழேயும் அழகான கையெழுத்தில் சீட்டு. உத்தியோகத்தில் சேர்ந்து இருபத்தைந்து வருஷம் கழித்து, ஒரு கல்யாணத்துக்காக அந்த ஊருக்குப் போனபோது அங்கே எட்டிப் பார்த்தேன். வெள்ளையடிப்பதற்காக பீரோவை நகர்த்தியிருக்கிறார்கள். டிராயர்களைக் காலி செய்து, கற்களையெல்லாம் இரண்டு சாக்கு மூட்டைகளில் கொட்டிவிட்டார்கள். சீட்டுகள் குப்பையோடு போய்விட்டன. அட்டெண்டர் நல்ல மனிதர். "ஒரு கல்கூடக் குறையல சார், எண்ணித்தான் போட்டேன்" என்றார். அவர் சொன்னது உண்மை. கல் ஒன்றுகூடக் குறையவில்லை. அரியலூர் அம்மோனைட்டும், ராஜமகால் மலையின் இலைப்படிவமும், எந்தச் சுரங்கத்திலிருந்தோ வந்த மாங்கனீஸும் ஒரே மூட்டையில் இருந்தன. தணிக்கைப்படி ஆட்சேபணை எழுப்ப வழியே இல்லை. நான் சாக்கை மூடிவிட்டு வந்தேன். கல்யாணச் சாப்பாடு அன்று இறங்கவில்லை.

ஆனால் பதிவு சரியாக இருந்தால் தொலைந்ததும் திரும்பி வரும். தக்கிக் கொள்ளையரை ஒழித்ததாகச் சரித்திரப் புத்தகத்தில் படித்திருப்போமே, அந்த ஸ்லீமன், 1828-ல் ஜபல்பூரில் பாரா சிம்லா என்ற குன்றில் சில பெரிய எலும்புகளைக் கண்டெடுத்தார். அப்போது டைனோசர் என்ற வார்த்தையே கிடையாது. அது 1842-ல்தான் வந்தது. எலும்புகள் ஸ்பில்ஸ்பரி என்ற டாக்டர் மூலமாகக் கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்ஸெப்பிடம் வந்து சேர்ந்தன. அசோகர் கல்வெட்டின் எழுத்தைப் படித்தாரே, அதே பிரின்ஸெப். 1877-ல் லிடெக்கர், டைட்டனோஸாரஸ் இண்டிகஸ் என்று பெயர் வைத்தார். இந்தியாவிலிருந்து விவரிக்கப்பட்ட முதல் டைனோசர் அது. பிறகு அந்த மூல எலும்பு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை, தொலைந்ததாகவே எழுதிவிட்டார்கள். 2012-ல் ஜி.எஸ்.ஐ.யின் மொஹாபே, சென் ஆகியோரும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜெஃப்ரி வில்ஸனும் சேர்ந்து தேடியபோது, கொல்கத்தாவில் ஜி.எஸ்.ஐ. சேகரிப்பிலேயே ஒரு வால் எலும்பு அகப்பட்டது. அத்தனை வருஷமாக அது வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. பழைய விவரிப்பும் அச்சான படமும் இருப்பதால்தான் எந்த எலும்பு அது என்று ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது.

இப்படித் திரும்பி வராதவையும் உண்டு. டில்லியில் மண்டி ஹவுஸ் பக்கத்தில் ஃபிக்கி கட்டடத்தில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருந்தது. 1978 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று திறந்தார்கள். டில்லியில் உத்தியோகம் பார்த்த நம்மவர்களில் குழந்தைகளை அங்கே அழைத்துப் போகாதவர்கள் குறைவு. பல கோடி வருஷத்து டைனோசர் எலும்பு ஒன்று அங்கே இருந்தது. என் பேரன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, "தாத்தா, இது நிஜமா?" என்று மூன்று தடவை கேட்டான். நிஜம்தான் என்றேன். 2016 ஏப்ரல் 26, பின்னிரவில் தீப்பிடித்து, கிட்டத்தட்ட எல்லாமே போய்விட்டது. இரண்டு வருஷம் கழித்து, 2018 செப்டம்பர் 2 அன்று, பிரேஸில் நாட்டு ரியோ நகரத்தின் தேசிய மியூசியம் எரிந்தது. அங்கே சுமார் 2 கோடி பொருட்கள் இருந்தன. தீக்கு முன்னால் ஸ்கேன் எடுத்து வைத்திருந்த சிலவற்றுக்கு மட்டும் இன்று உருவமாவது மிஞ்சியிருக்கிறது. மாட்டு வண்டிக் காலத்தில் லித்தோ கல்லில் படம் வரைந்தவர்கள் செய்ததும் இந்த ஸ்கேன் வேலைதான்.

படம் வரைந்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். இதில் நம் நாட்டவர் சாமான்யர்கள் அல்ல. ஜஹாங்கீர் சக்ரவர்த்தியின் சபையில் உஸ்தாத் மன்ஸூர் என்ற சித்திரக்காரர் இருந்தார். 1621-ல் யாரோ ஒரு வரிக்குதிரையைக் கொண்டு வந்தார்கள். யாரோ வரி தீட்டி ஏமாற்றுகிறார்கள் என்று சிலர் சந்தேகப்பட்டதாகவும், பிறகு சோதித்துப் பார்த்து இயற்கைதான் என்று தெளிந்ததாகவும் ஜஹாங்கீரே எழுதியிருக்கிறார். மன்ஸூர் அதைத் தீட்டிய படம் லண்டனில் இருக்கிறது. மொரீஷியஸ் தீவில் அதே நூற்றாண்டில் பூண்டோடு அழிந்துபோன டோடோ பறவையின் படம் ஒன்று ரஷ்யாவில் ஹெர்மிடேஜ் மியூசியத்தில் உள்ளது. அதுவும் மன்ஸூர் வரைந்ததாகக் கருதப்படுகிறது. உயிரோடு இருந்த டோடோவைப் பார்த்து வரைந்த நம்பகமான படங்கள் மிகச் சில. அவற்றில் இது முக்கியமானது. அவர் வரைந்த சைபீரிய நாரை இதே கொல்கத்தா இந்தியன் மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ராஜஸ்தானின் பரத்பூருக்குக் குளிர்காலத்தில் வந்துகொண்டிருந்த அந்த நாரைகள் 2002-க்குப் பிறகு அங்கே வரவில்லை.

அடுத்த கதை இந்த ஊரிலேயே நடந்தது. நந்தகுமாருக்குத் தூக்கு தண்டனை விதித்த தலைமை நீதிபதி எலைஜா இம்பேயின் பெயரைச் சரித்திரம் நல்ல விதமாகச் சொல்வதில்லை. அவர் மனைவி மேரி இம்பே, வீட்டுத் தோட்டத்தில் பட்சிகளும் மிருகங்களும் வளர்த்தார். பாட்னாவைச் சேர்ந்த ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்ற மூன்று சித்திரக்காரர்களை அமர்த்தி, 1777 முதல் 1782 வரை முந்நூறுக்கு மேற்பட்ட படங்கள் வரையச் செய்தார். எனக்கு இதில் பிடித்த விஷயம், படத்தின் ஓரத்தில் பிராணியின் பெயர், யாருடைய சேகரிப்பு, வருஷம், வரைந்தவர் பெயர், அவர் பாட்னாக்காரர் என்பது வரை எழுதியிருப்பது. முறையான சீட்டு! பவானி தாஸ் வரைந்த ஒரு வாத்துக்குத் தலை மட்டும் ரோஜா நிறம். அந்த இனத்தைப் பற்றிய உறுதியான கடைசிப் பதிவு 1935-ல் பீகாரில் தர்பங்காவில். பிறகு தேடாத இடமில்லை. பாடம் செய்த பறவைத் தோல்கள் மியூசியங்களில் உண்டு. ஆனால் இறகின் நிறம் காலப்போக்கில் மங்கும். கண்ணெதிரே நடமாடிய வாத்தைப் பார்த்து வரைந்த நிறம் பவானி தாஸ் காகிதத்தில் இருக்கிறது. 1810-ல் அந்தப் படங்களை ஏலத்தில் விற்று, அவை பல நாடுகளுக்குச் சிதறிவிட்டன. பெயர் எழுதியிருந்ததால்தான் எது யாருடையது என்று இன்றும் அடையாளம் சொல்ல முடிகிறது.

எல்லாச் சித்திரக்காரர்களுக்கும் இந்த மரியாதை கிடைக்கவில்லை. கம்பெனி காலத்தில் நம்மவர்கள் வரைந்த எத்தனையோ ஆயிரம் படங்களுக்கு வரைந்தவர் பெயர் கிடையாது. மதராஸில் டாக்டராகவும் தாவரவியலாளராகவும் இருந்த ராபர்ட் வைட் ஒரு விதிவிலக்கு. அவரிடம் வேலை பார்த்த ரங்கய்யா, கோவிந்து என்ற இரண்டு தெலுங்கு ஓவியர்களின் பெயரைப் படத்தின் கீழே அச்சிட்டார். ஒரு ஆர்க்கிட் செடிக்கு கோவிந்துயா என்றே பெயரும் வைத்தார். தாவரம் இன்றைய தலைப்பில் வராது. இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட மனமில்லை.

கடைசியாக, நம் அகங்களில் உள்ள பொருட்கள். இங்கே இருப்பவர்களில் பலருடைய தகப்பனார், தாத்தா, ரயில்வேயிலும் சுரங்கத்திலும் காட்டு இலாகாவிலும் வேலை பார்த்தவர்கள். ஷோகேஸில் ஒரு பளபளக்கும் தாதுக்கல், ராமேஸ்வரத்துச் சங்கு, எங்கேயோ ஆற்றில் பொறுக்கிய கல் இருக்கும். தாத்தாவுக்கு அது எங்கே கிடைத்தது என்று அகத்தில் தெரிந்த ஒரே ஆள் பாட்டியாக இருப்பார். பாட்டியிடம் இன்றே கேட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் ஊர், வருஷம், எடுத்தவர் மூன்றையும் எழுதிப் பொருளோடு சேர்த்து வையுங்கள். பென்சிலில் எழுதினால் போதும். பால்பாயிண்ட் பேனா மை மங்கிவிடும். சாளக்கிராமத்துக்கும் இதே மாதிரி, எந்தத் தலைமுறையில் யார் கொண்டு வந்தார் என்று குடும்ப நோட்டில் ஒரு வரி எழுதலாம். இப்போது இணையத்தில் விற்கும் கறுப்புக் கல்லையெல்லாம் சாளக்கிராமம் என்று வாங்குகிறவர்கள், எந்த ஊர்க் கல் என்று ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு வாங்குங்கள். புலித்தோல், மான் கொம்பு வைத்திருப்பவர்கள் விஷயம் வேறு. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை விற்பது குற்றம். உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பழைய பெட்டியைத் தேடிப் பார்ப்பது நல்லது. அரியலூர் பக்கம் போகிறவர்கள் கல்லைப் பொறுக்கி வராதீர்கள். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே பாருங்கள்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு அறிவிப்போடு முடிக்கிறேன். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை, விருப்பமுள்ளவர்களை இந்தியன் மியூசியத்துக்கு அழைத்துப் போகிறேன். திங்கட்கிழமை அங்கே விடுமுறை, அதனால் ஞாயிறு. நேராக புதைபடிவக் கூடத்துக்குப் போவோம். மம்மியைப் பார்க்க வேண்டும் என்கிற குழந்தைகளுக்கு அது கடைசியில். பூதக்கண்ணாடி இருப்பவர்கள் எடுத்து வாருங்கள், சீட்டுகளில் எழுத்து ரொம்பப் பொடி. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் காபி நேரத்தில் என்னிடம் சொல்லலாம்.